சம்மதம் கேட்ட நொடி

சான்டா கிளாரா
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அமலும் சுகமாக இருக்கிறோம். இந்தக் குளிருக்கு உன் முழங்கால் என்ன சொல்கிறது? டெக்சாஸில் குளிர் என்று நீ சொல்வது எனக்குச் சிரிப்பாக இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இத்துடன் ஒரு படம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடுத்த சமையல் வீடியோவுக்குப் போய்விடுவாய். அதனால்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன்.

நவம்பரில் உன் மகள் தஸ்னீமின் நிக்காஹ் அன்றைக்கு எடுத்தது. காசு கொடுத்து வைத்த போட்டோகிராஃபர் ஆண்கள் பக்கம் மாப்பிள்ளையையே சுற்றிக்கொண்டிருந்தார். மச்சானின் அண்ணன், அவளுடைய பெரியத்தா, இரண்டு சாட்சிகளோடு பெண்கள் பக்கம் வந்து, "தாரிக்கை நிக்காஹ் பண்ணிக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டாரே, அந்த நேரத்தில் தாய்மாமன் என்ற உரிமையில் நான் மட்டும்தான் கேமராவோடு அங்கே இருந்தேன். அவர் கேட்டு முடித்து, அவள் "சம்மதம்" என்று சொல்ல வாயெடுப்பதற்கு முந்தின நொடி இது. நிமிர்ந்த முகம், பாதி தூக்கிய மருதாணிக் கை, முன்னால் மங்கலாகப் பெரியத்தாவின் தோள். பத்து வருஷமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இப்படி ஒன்று இதுவரை எனக்கு விழுந்ததில்லை.

எங்கள் கேமரா கிளப் ஜூலையில் நகர நூலகத்தில் கண்காட்சி வைக்கிறது. தலைப்பு "ஒரு நொடி". ஆளுக்கு இரண்டு படம். என்னுடையதில் ஒன்று அல்விசோ சதுப்பு நிலத்தில் எடுத்த பருந்து ஜோடி. ஆண் பருந்து எலியைப் பிடித்து வந்து, பறந்தபடியே பெண் பருந்தின் காலுக்கு மாற்றிக் கொடுக்கிறது. அதற்காக மூன்று சனிக்கிழமை சேற்றில் நின்றேன். இன்னொன்று தஸ்னீம். இரண்டையும் கொடுத்தாகிவிட்டது. கிளப் தலைவர் ஜம்புநாதன் படத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். யார் படத்தையும் அவர் இரண்டாவது தடவை பார்த்ததே இல்லை.

நீயும் பார்த்துவிட்டுப் பெருமைப்படு.

உன் தம்பி,
கமால்


சுகர் லேண்ட்
27 ஜனவரி 2025

அன்புத் தம்பி கமாலுக்கு,

வ அலைக்கும் ஸலாம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அமலுக்கு என் சலாம் சொல். ஆனால் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. போனில் பேசாமல் எழுதுவதே, உங்கள் வீட்டில் எல்லாப் பேச்சையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பீர்கள் என்பதால்தான்.

படம் வந்தது. பெருமைப்படச் சொல்லியிருந்தாய். முதலில் ஒன்று கேட்கிறேன். யாரைக் கேட்டு அதைக் கண்காட்சிக்குக் கொடுத்தாய்? தஸ்னீமைக் கேட்டாயா, தாரிக்கைக் கேட்டாயா, என்னைக் கேட்டாயா? கொக்கு, பருந்து பின்னாலேயே அலைந்து, மனுஷரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கமே உனக்கு விட்டுப்போய்விட்டது.

அடுத்தது அந்த முகம். நான் ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். ஊசி ஏறுவதற்கு முந்தின நொடியில் மனுஷ முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உன் கேமராவுக்குத் தெரியாது. இது அந்த முகம். கண்ணைப் பார். பக்கத்தில் எங்கேயோ வழி தேடுகிற கண். கல்யாணப் பெண்ணின் முகமா இது?

உன் கேமரா ஒரு நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு படம் எடுக்கும் என்று நீதானே பீற்றிக்கொள்வாய். இதற்கு முன்னால் எடுத்தது, பின்னால் எடுத்தது எல்லாவற்றையும் அனுப்பு. அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

அதுவரை இந்தப் படம் எங்கேயும் தொங்கக் கூடாது.

அக்கா
ரசியா


சான்டா கிளாரா
9 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். கோபத்திலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. உடம்பு தெம்பாக இருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

கேட்காமல் கொடுத்தது தப்புதான். ஆனால் படத்தில் நீ பார்ப்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையின் பெரிய வார்த்தையைச் சொல்லப்போகிறாள். அந்த நேரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டா இருப்பாள்? ஒரு நொடியில் எண்ணூறில் ஒரு பங்கு நேரம்தான் அந்தப் படம். தும்மல் வந்தாலும் முகம் அப்படி ஆகும்.

மற்ற படங்களை ஹார்ட் டிஸ்கில் தேடிப் பார்க்கிறேன். ஆபீஸில் இந்த மாதம் மூச்சுவிட நேரமில்லை.

ஒரு விஷயம். அன்றைக்கு எடுத்ததை எல்லாம் திரும்பப் பார்த்தேன். மருதாணி, பந்தி, வழியனுப்பு, எல்லாவற்றிலும் நீ இருக்கிறாய். சம்மதம் கேட்ட நேரத்தில் மட்டும் நீ எங்கேயும் இல்லை. எங்கே போயிருந்தாய்?

கமால்


சுகர் லேண்ட்
20 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். ரமலான் பிறக்கப்போகிறது. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சிக்கு மசாலாவும் பார்சல் போட்டிருக்கிறேன். அமலை எண்ணெய் குறைத்துச் சமைக்கச் சொல்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. சொல்லிவிடுகிறேன்.

தாரிக் வீட்டிலிருந்து போன ஆகஸ்டில் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம், பையன் நியூஜெர்சியில் நல்ல வேலை. தஸ்னீமுக்கும் அவனைப் பிடிக்காமல் இல்லை. ஆனால், "ஒரு வருஷம் டைம் குடுங்கம்மா, என் வேலை செட்டில் ஆகட்டும்" என்றாள். நான் விடவில்லை. அத்தா இல்லாத வீட்டில் இன்னும் எவ்வளவு நாள் நான் ஒருத்தியே எல்லாவற்றையும் இழுப்பது என்று அழுதேன். அவள் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினாள். பிறகு "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அந்த "சரிம்மா"வைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் மண்டபம் புக் பண்ணினேன்.

மனசில்லாமல் சொல்லும் சம்மதம் சம்மதமே ஆகாது என்று நமக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் கேட்கவே ஆள் அனுப்புகிறோம், சாட்சி வைக்கிறோம். நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அழுது காட்டி என் பெண்ணை மாட்டிவிட்டேனா கமால்? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் இல்லை. அவளிடம் கேட்கவும் தைரியம் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

அதனால்தான் மற்ற படங்களைக் கேட்கிறேன். அடுத்த படத்தில் அவள் சிரித்திருந்தால் போதும். ஒன்றே ஒன்று போதும்.

அக்கா


சான்டா கிளாரா
26 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். நோன்பைக் காரணம் சொல்ல நினைத்தேன். நோன்பு வைத்துக்கொண்டே பொய் சொல்ல வரவில்லை.

அந்தப் படங்கள் இல்லை. பறவை எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே மூச்சில் பன்னிரண்டு எடுப்போம், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சம் பதினொன்றையும் அழித்துவிடுவோம். இல்லாவிட்டால் வீடு முழுக்க ஹார்ட் டிஸ்காகத்தான் இருக்கும். நிக்காஹ் படங்களையும் அந்தக் கை அப்படியே செய்துவிட்டது. இதை உன் முதல் கடிதம் பார்த்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். அழித்ததை மீட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் மெமரி கார்டைக் கொடுத்திருந்தேன், அதனால் இழுத்தடித்தேன். நேற்றுத் திரும்பி வந்தது. அதன்மேல் ஆயிரம் கொக்கு எடுத்திருக்கிறேன், ஒன்றும் மீளவில்லை.

அந்தப் பதினொன்றிலும் அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். சத்தியமாக ஞாபகம் இல்லை அக்கா. கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். என் மருமகளின் முகம் என்று பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெருநாளைக்குத் தஸ்னீமும் தாரிக்கும் உன்னிடம் வருகிறார்கள் இல்லையா? கேட்டுவிடு. அவளைத் தவிர இதற்குப் பதில் சொல்ல இனி யாரும் இல்லை.

மன்னித்துக்கொள்.

கமால்


சுகர் லேண்ட்
6 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம், பெருநாள் வாழ்த்து. பிரியாணி நன்றாக வந்தது. உன் பங்கையும் தாரிக்கே சாப்பிட்டான்.

உன்மேல் கோபப்பட்டு ஓய்ந்துவிட்டேன். அதனால் திட்டவில்லை.

அவர்கள் நாலு நாள் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. போலீஸ்காரி மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். பேர்லேண்டில் ஒரு சிநேகிதி வீட்டுக்கு என் காரில் போகும்போது அவனுடைய காபியை அவள் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். இது பிரியமா, அல்லது கப் ஹோல்டரில் நான் போட்டது ஏதாவது கிடக்கிறதா என்று ஃப்ரீவே முழுக்க யோசித்தேன். அவன் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். நிஜச் சிரிப்பா, எனக்காகச் சிரித்ததா? இப்படி நாலு நாள் நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று. உன் படத்தை என் அலமாரியில் தொழுகைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். பெருநாள் தொழுகைக்கு முக்காடு எடுக்கத் தஸ்னீம் போனாள். நான் அடுப்பில் இருந்தேன், ஞாபகம் வரவில்லை. அவர்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து பார்த்தால் படத்தைக் காணோம். எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். போகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரமாகப் போனிலும் சாப்பாடு, வானிலை மட்டும்தான் பேசுகிறாள்.

எனக்காக துஆ செய்.

அக்கா


எடிசன், நியூஜெர்சி
22 ஏப்ரல் 2025

அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க நல்லா இருக்கோம். ஒன்பது வயசுல மதுரையை விட்டு வந்ததுக்கு அப்புறம் தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதான் ஃபர்ஸ்ட் டைம். தப்பு இருந்தா திட்டாதீங்க. போன்ல சொன்னா நீங்க அழுவீங்க, நான் பாதியில நிறுத்திடுவேன். அதான் லெட்டர்.

போட்டோவை நான்தான் எடுத்துட்டு வந்தேன். பார்த்த உடனே, நீங்க ஏன் அதை ஒளிச்சு வெச்சிருந்தீங்கன்னு புரியல. கமால் மாமாவுக்கு போன் பண்ணேன். அவர் எதையும் மறைக்காம சொல்லிட்டார். அவரைத் திட்டாதீங்க, நான் கேட்ட கேள்வியில பாவம் அவரால பொய் சொல்ல முடியல.

முதல்ல உங்க கேள்விக்குப் பதில். ஆகஸ்ட்ல நீங்க அழுததும் எனக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனா அதுக்கப்புறம் மூணு மாசம் நான் தாரிக்கோட டெய்லி பேசினேன்மா. என் வேலை, என் பயம் எல்லாம் சொன்னேன். வேண்டாம்னு தோணியிருந்தா பெரியத்தா முன்னாடியே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். உங்க பொண்ணுக்கு அவ்வளவு வாய் இருக்கு. சம்மதம்னு சொன்னது நான். எனக்காகத்தான் சொன்னேன். அதுல நீங்க பயப்பட ஒண்ணுமே இல்ல.

இப்ப அந்த முகம். பெரியத்தா கேட்டப்போ நான் உங்களைத் தேடினேன். அத்தா இல்ல. நீங்களாவது பக்கத்துல இருப்பீங்கன்னு நினைச்சேன். வலது பக்கம் அமல் மாமி, இடது பக்கம் தாரிக்கோட அம்மா. நீங்க இல்ல. கதவுப் பக்கம் பார்த்தேன், அங்கேயும் இல்ல. அந்த செகண்ட்லதான் மாமா எடுத்திருக்கார்.

சாப்பாடு போட்ட ஆன்ட்டி அப்புறம் சொன்னாங்க, நீங்க கிச்சன்ல தட்டு துடைச்சிட்டு இருந்தீங்கன்னு. என் நிக்காஹ்ல, என்கிட்ட சம்மதம் கேட்கிற நேரத்துல, நீங்க தட்டு துடைச்சிட்டு இருந்தீங்க. ஏன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லலைன்னாலும் தெரியும். அன்னைக்குக் கேட்டா அழுதுடுவேன்னு கேட்கல. அஞ்சு மாசமா கேட்கல. உங்க மேல நான் கோபமா இருந்தது இதுக்குத்தான்மா, கல்யாணத்துக்கு இல்ல.

தஸ்னீம்


சுகர் லேண்ட்
4 மே 2025

என் கண்ணு தஸ்னீமுக்கு,

அம்மாவின் ஸலாமும் துஆவும். உன் தமிழில் தப்பு ஒன்றும் இல்லை. நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். உன் அத்தா மௌத்தான அடுத்த வருஷம் இங்கே ஒரு நிச்சயதார்த்தத்தில் பூத்தட்டை எடுக்கக் கை நீட்டினேன். ஒரு ஆன்ட்டி, "நீங்க உட்காருங்க, உங்களுக்கு ஏன் சிரமம்" என்று சிரித்துக்கொண்டே தட்டை வேறு பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான் நடந்தது. நம் மார்க்கத்தில் இப்படி ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் நானே மேடை போட்டுப் பேசுவேன். ஆனால் உன் நிக்காஹ் அன்றைக்கு, பெரியத்தா எழுந்து உன் பக்கம் வருவதைப் பார்த்ததும், என் நிழல் உன்மேல் படக்கூடாது என்று தோன்றிவிட்டது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானேதான் போனேன். சமையலறையில் தட்டுகள் சுத்தமாகத்தான் இருந்தன. இருந்தும் துடைத்தேன். "சம்மதம்" என்று நீ சொன்னதை மைக்கில்தான் கேட்டேன்.

உன் மாமா பிப்ரவரியிலேயே எங்கே போயிருந்தாய் என்று கேட்டான். பதிலே எழுதவில்லை. இத்தனை நாள் உன் முகத்தில் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தேன். குறை என்னிடம் இருந்திருக்கிறது. உன்னை நான் அந்த இடத்தில் தனியாக விட்டுவிட்டேன். மன்னித்துவிடு தங்கம்.

உனக்காகத்தான் சம்மதம் சொன்னாய் என்று எழுதியதில் என் நெஞ்சு குளிர்ந்தது. மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். அடுத்த முறை அவன் காபி வைக்க, என் காரில் கப் ஹோல்டரைச் சுத்தம் செய்து வைக்கிறேன் என்றும் சொல்.

அம்மா


சான்டா கிளாரா
1 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்னும் ஐந்து நாள், அமல் இப்போதே சமையல் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றே தஸ்னீம் படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ஒரு கூழைக்கடாவைக் கொடுத்தேன். ஜம்புநாதன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் தஸ்னீம் போன் பண்ணி, அந்தப் படம் தொங்க வேண்டும் என்கிறாள். தாரிக்குக்கும் சரிதானாம். நீ சொன்னால் வைக்கலாம் என்றாள்.

இந்த முறை முறையாகக் கேட்கிறேன். அமலும் ஜம்புநாதனும் சாட்சி. என் அக்கா ரசியா பேகமே, உன் மகள் தஸ்னீமின் படத்தை நூலகத்தில் மாட்ட உனக்குச் சம்மதமா?

கமால்


சுகர் லேண்ட்
12 ஜூன் 2025

தம்பிக்கு,

ஸலாம். சம்மதம்.

யாரும் அழவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சாட்சிகளிடம் சொல். ஜூலையில் லீவு போட்டு வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தஸ்னீமுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, அவளுக்கும் சேர்த்து நான் பார்க்கிறேன். மாட்டும்போது கோணலாக மாட்டிவிடாதே.

அக்கா


சான்டா கிளாரா
20 ஜூலை 2025

என் கண்ணு தஸ்னீமுக்கு,

அம்மாவின் ஸலாம். பயணம் சுகம், முழங்காலும் சுகம். உன் மாமா வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. அவன் செய்த தப்புக்கு அமல் தோசை வார்த்துப் போடுகிறாள்.

நேற்று நூலகத்துக்குப் போனோம். அந்தப் பருந்து படம் நிஜமாகவே அழகு. இரண்டும் வானத்தில் ஒன்றுக்கொன்று கால் நீட்டி எலியைக் கொடுத்து வாங்குகின்றன. இதற்காகச் சேற்றில் நின்றவனை இனிமேல் கிண்டல் செய்வதில்லை என்று முடிவெடுத்து, பத்து நிமிஷம் கடைப்பிடித்தேன்.

பக்கத்தில் நீ. சுவர் பாதிக்கு உன் முகம். கீழே பெயர் எதுவும் இல்லை, தேதி மட்டும் போட்டிருக்கிறான். நான் நேராகப் போய் நிற்காமல் பழக்கதோஷத்தில் பின்னால் ஒரு தூண் ஓரமாக நின்றேன். உன் மாமா பார்த்துவிட்டான். என் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். படத்துக்கு இடது பக்கம், உன் கண் போகிற திசையில் நின்றேன்.

வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று ஏதோ பேசிக்கொண்டார்கள். வயசான ஒரு அமெரிக்கப் பெண்மணி வெகுநேரம் பார்த்துவிட்டு, அது எங்கள் வீட்டுப் படம் என்று எப்படியோ கண்டுகொண்டு என்னிடம் மெல்லக் கேட்டாள்: "இஸ் ஷி ஸாட்?" சோகமாக இருக்கிறாளா என்று.

உன் மாமா வெளிச்சம், லென்ஸ் என்று ஆரம்பிக்கப் போனான். நான் அவன் கையை அமுக்கினேன்.

"நோ," என்றேன். "ஷி இஸ் லுக்கிங் ஃபார் மீ."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டிட் ஷி ஃபைண்ட் யூ?"

"யெஸ்," என்றேன். "இட் டுக் ஃபைவ் மந்த்ஸ்."

அம்மா